‘நோ’ – ஓரெழுத்துச் சொல்லொன்றின் வரலாறு

இந்த வருடப் புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் அண்ணை கேட்டபோது, “நான் தொழிற்சாலையிலை பெட்டி அடுக்கிறவன், எனக்கென்ன அண்ணை எழுத வரும்” என்றுதான் முதலில் சொன்னேன். “ஏ.எல். வரைக்கும் படிச்சனீர், தமிழும் ஒரு பாடமா எடுத்தனீர், சும்மா எழுதும்” என்று அவர் விடவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு சின்னச் சொல்லைப் பற்றி எழுதுகிறேன். ஒரே ஒரு எழுத்துச் சொல். நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு நாளும் வாயில் எடுக்கிற சொல். அந்தச் சொல்லாலை எங்கட மாமி ஒருநாள் பெரிய கரைச்சலில் மாட்டுப்பட்டா. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2016ஆம் ஆண்டு. மாமி இங்கிலாந்துக்கு வந்து 2 வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் பின்னேரம் வயிற்றின் வலப்பக்கம் விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்மூட்டு வரை இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மருந்து ஏற்றி, இரவு மறித்து வைத்தார்கள். எனக்கு அன்று இரவு வேலை. மாமா சின்னப் பிள்ளைகளோடு வீட்டில். காலை 7 மணிக்கு வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனால், மாமி சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு கிடக்கிறா. தலையணை முழுக்க வியர்வை. கட்டில் காலடியில் தொங்கிய தாளை எடுத்துப் பார்த்தேன். நோ எவ்வளவு என்று எழுதுகிற இடத்தில், இரவு முழுக்க 0, 0, 0 என்று போட்டிருந்தது.

“மாமி, ஏன் உங்களுக்கு நோ இல்லையெண்டு சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“நானோ? அந்தப் பிள்ளை வந்து வந்து ‘பெயின்? பெயின்?’ எண்டு கேட்டது. நான் ஒவ்வொருதரமும் ‘நோ, நோ’ எண்டுதானே தம்பி சொன்னனான். அது சிரிச்சுப்போட்டு எழுதிக்கொண்டு போகுது.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தாதிப் பெண்ணில் பிழை சொல்ல முடியாது. அவளுடைய பாஷையில் ‘நோ’ என்றால் ‘இல்லை’. மாமிக்கும் அது தெரியாததல்ல. கடையில் வேண்டாம் என்பதற்கு அவவும் ‘நோ’ என்றுதான் சொல்லுவா. பிறகு கேட்டபோது, “நோவுக்குள்ளை ஆருக்குத் தம்பி இங்கிலீசு ஞாபகம் வரும்” என்றா. நான் விசயத்தை விளங்கப்படுத்தியதும் அந்தப் பிள்ளை கண் கலங்கி, ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தது. பித்தப்பையில் கல். பழுதாகி வீங்கி இருந்தது. அடுத்த நாளே வெட்டி எடுத்தார்கள். மாமி இன்று சுகமாக இருக்கிறா. சங்கத்து விழாக்களுக்கு மோதகம் அவிக்கிறதும் அவதான்.

ஆனால் எனக்கு அந்தச் சொல்லை அதோடு விட மனம் வரவில்லை. வேலையில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதே யோசினை. லைபிரரியிலும் பழைய புத்தகங்களிலும் தேடினேன். கண்டதைச் சொல்லுகிறேன்.

சொல்லின் வயசு

ஏ.எல். படிக்கும்போது நன்னூல் பாடமாக்கியவர்களுக்கு ‘ஓரெழுத்து ஒருமொழி’ ஞாபகம் இருக்கும். ஒரு எழுத்தே முழுச் சொல்லாக நின்று பொருள் தருவது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்த இலக்கணம் அப்படியான சொற்கள் 42 என்று கணக்குச் சொல்லுகிறது. அதில் 40 நெடில். குறில் இரண்டே இரண்டுதான்: ‘நொ’, ‘து’. அந்த 40 நெடிலுக்குள் எங்கட ‘நோ’வும் இருக்கிறது. அதாவது வருந்துவதைச் சொல்லும் இந்தச் சொல் நெடிலாகவும் குறிலாகவும் இரண்டு தரம் அந்தக் கணக்கில் வருகிறது. இன்றும் நாங்கள் அப்படித்தான் கதைக்கிறம். ‘நோகுது’ என்கிறபோது நெடில். ‘நொந்துபோனன்’ என்கிறபோது குறில். இலக்கணம் படிக்காத ஆச்சியும் இதைப் பிழை விடமாட்டா.

இந்தச் சொல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. மலையாளத்திலும் கன்னடத்திலும் ‘நோவு’, தெலுங்கில் ‘நொப்பி’. பரோ, எமனோ என்ற இரண்டு அறிஞர்கள் 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியில் இவையெல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றன. அப்படியென்றால் இந்த மொழிகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதற்கு முன்னமே, ஆரோ ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்து “எங்கை நோகுது?” என்று இதே சொல்லால் கேட்டிருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

சங்க இலக்கியத்தில் குறுந்தொகையைத் திறந்தால், தலைவனைப் பிரிந்த பெண்ணின் நெஞ்சு நோகிறது. அது மருந்துக்கு அடங்கும் நோ அல்ல. ‘நோ’விலிருந்து பிறந்ததே ‘நோய்’. திருக்குறளில் ‘நோய்’ மூன்று விதமாகவும் வருகிறது. 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ என்பதில் அது உடல் வருத்தம். காமத்துப்பாலில் அது பிரிவுத் துயர். ‘இன்னா செய்யாமை’யின் கடைசிக் குறளில், அதாவது 320ஆவது குறளில், நோய் என்ற சொல் 4 தரம் வருகிறது. அங்கே அது மற்றவருக்குச் செய்கிற துன்பம். துன்பமெல்லாம் செய்தவனிடமே திரும்பும் என்பது அதன் கருத்து. உடம்பு நோவது, மனம் நோவது, மற்றவனை நோகப் பண்ணுவது என்று மூன்றுக்கும் ஒரே சொல். இதை மனதில் வைத்திருங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

இங்கிலீசுக்காரரின் ‘பெயின்’ வேறு வழியால் வந்தது. லத்தீனில் ‘பீனா’ என்றால் தண்டனை. அது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீசுக்கு வந்து நோவுக்குப் பெயரானது. எங்கட சொல்லுக்குள்ளே தண்டனை என்ற எண்ணம் இல்லை. “எனக்கு நோகுது” என்றால் நோகுது, அவ்வளவுதான்.

‘வலி’ வந்த கதை

தமிழ்நாட்டுச் சினேகிதர்களோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், அவர்கள் ‘நோ’ என்று சொல்லமாட்டார்கள். ‘தலை வலிக்குது’, ‘கால் வலி’ என்பார்கள். ‘நோய்’, ‘மனசு நொந்து’ என்பதெல்லாம் அவர்களிடமும் இருக்கிறது. ஆனால் உடம்பு நோவுக்கு அன்றாடச் சொல் ‘வலி’தான்.

‘வலி’ என்றால் முந்தி பலம். திருக்குறளில் ‘வலியறிதல்’ என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 48ஆவது. வலித்தல் என்றால் இழுத்தலும்தான். துடுப்பு வலித்தல் என்கிறோம். பலம் போட்டு இழுப்பது வலித்தல். கை கால் தானாக இழுபட்டால் அதுவும் வலி. எங்கட ஊரில் இந்தக் கடைசிக் கருத்துத்தான் நிலைத்தது. யாழ்ப்பாணத்தில் “வலி வந்திட்டுது” என்றால் கை கால் இழுத்து, நினைவு தப்பி விழுந்துவிட்டான் என்று அர்த்தம். காக்கைவலி என்பதும் அதுதான். துருப்பிடித்த ஆணி குத்தினால் வருமே என்று பயந்து ஊசி போடுகிற வருத்தத்தை ‘ஏற்புவலி’ என்கிறோம். அதிலும் உடம்பு வில்லுப்போல இழுபடுகிறது. தமிழ்நாட்டில் அதே சொல் இழுக்கிற நோவுக்குப் போய், பிறகு எல்லா நோவுக்கும் பொதுப் பெயராகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

இது வெறும் சொல் விளையாட்டில்லை. என்னோடு வேலை செய்த ஒரு அண்ணையின் 6 வயது மகனுக்கு ஒருநாள் விடிய வலி வந்தது. ஆஸ்பத்திரியில் தொலைபேசி மூலம் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவ தமிழ்நாட்டுக்காரி, நல்ல மனுசி. அண்ணை “பிள்ளைக்கு வலி வந்தது, 2 தரம் வந்தது” என்று சொல்ல, அவ “பிள்ளைக்கு 2 தரம் நோ வந்தது” என்ற கருத்தில் டொக்டருக்குச் சொல்லிவிட்டா. டொக்டர் “எங்கே நோகிறது?” என்று கேட்கிறார். அண்ணைக்குக் கோபம் வருகிறது, “நோகேல்லை, வலி எண்டெல்லோ சொல்லுறன்” என்கிறார். மொழிபெயர்க்கிறவவுக்குத் தலை சுற்றுகிறது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்கு மூன்றாம் தரமும் வந்து, டொக்டர் கண்ணாலேயே கண்டபடியால் தப்பியது. இரண்டு பேரும் கதைத்தது தமிழ். இரண்டும் சரியான தமிழ். ஆனால் நடுவில் ஒரு கடல் இருக்கிறதே!

‘நாரி நோகுது’ என்று சொன்னாலும் இதே கதைதான். எங்களுக்கு நாரி என்றால் இடுப்பின் பின்பக்கம். புத்தகத் தமிழில் நாரி என்றால் பெண். “எனக்கு நாரியாலை சரியான கரைச்சல்” என்று ஒரு பெரியவர் சொன்னால், கேட்கிற பிறத்தியார் என்ன நினைப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

நோவிலும் எத்தனை நோ

எங்கட பேச்சை ஒருக்கால் கவனித்துப் பாருங்கள். தலை ‘இடிக்கும்’, அது தலையிடி. பல்லு ‘கொதிக்கும்’, அது பல்லுக்கொதி. வயிறும் காதும் நெஞ்சும் ‘குத்தும்’. கால் ‘உளையும்’. நாரி ‘பிடிக்கும்’. புண் ‘எரியும்’. கொட்டின இடம் ‘கடுக்கும்’. சுளுக்கினது ‘கொழுவிப் பிடிக்கும்’. ஊமையடி ‘உள்ளுக்குள்ளாலை நோகும்’. இத்தனை சொல்லையும் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கவில்லை. அம்மம்மாவின் மடியில் இருந்து படித்ததுதான்.

இதைத்தான் மேல்நாட்டு வைத்தியம் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்து கண்டுபிடித்தது. கனடாவில் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற பேராசிரியர் இருந்தார். 2019இல் காலமானார். நோயாளிகள் தங்கள் நோவைச் சொல்லப் பாவிக்கிற சொற்களை அவர் சேர்த்து வந்தார். 1975இல் 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து ஒரு கேள்விக்கொத்து வெளியிட்டார். குத்துவது ஒரு பக்கம், எரிவது ஒரு பக்கம், இடிப்பது ஒரு பக்கம். மக்கில் நோக் கேள்விக்கொத்து என்று அதற்குப் பெயர். எவ்வளவு நோ என்று மட்டும் கேட்டால் போதாது, எப்படியான நோ என்றும் கேட்க வேண்டும், அதிலிருந்து வருத்தத்தை ஊகிக்கலாம் என்பது அதன் கருத்து.

இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. நோவைக் கொண்டு போகிற நரம்பு நார் இரண்டு வகை. ஒன்று மெல்லிய உறை போட்டது, செக்கனுக்கு 5 மீற்றருக்கு மேல் ஓடும். மற்றது உறை இல்லாதது, செக்கனுக்கு 2 மீற்றருக்கும் குறைவு. கட்டில் காலில் பெருவிரல் அடிபட்டால் முதலில் ‘சுள்’ என்று ஒன்று ஏறும். ஒரு செக்கன் கழித்து விண்விண் என்று மற்றது வரும். முதல் செய்தி ஓடி வந்தது, இரண்டாவது நடந்து வந்தது. நரம்பு பழுதானால் எரியும், ஊசி குத்தும். சலரோகக்காரர் கால் எரிவு என்று சொல்லுவது அதுதான். குடலோ பித்தப்பையோ சுருங்கினால் முறுக்கி முறுக்கி விட்டு விட்டு வரும். மாரடைப்பு கனபேருக்குக் குத்தாது. நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்ததுபோல அமத்தும், கைக்கும் தாடைக்கும் போகும். சலரோகக்காரருக்கு அது சரியாகத் தெரியாமலும் போகலாம். ஆகவே ‘கொதிக்குது’, ‘அமத்துது’, ‘உளையுது’ என்று நாங்கள் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லும் வைத்தியருக்கு ஒரு தடயம். அதை வெறும் ‘பெயின்’ ஆக்கினால் அரைவாசி செய்தி துலைந்து போகிறது.

பரியாரியாரும் மானிப்பாய் வைத்தியரும்

ஊரில் பரியாரியார் இந்தக் கேள்விகளைத்தான் கேட்பார். கை பார்த்து, நாக்குப் பார்த்து, “குத்தோ, உளைவோ, சாப்பிட முந்தியோ பிந்தியோ” என்று விசாரிப்பார். பரிகாரம் செய்கிறவர் பரிகாரி, அதுதான் வாய்வழக்கில் பரியாரியார். ‘பரராசசேகரம்’ என்று யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல் ஒன்று எங்களுக்கு இருக்கிறது. அதை 20ஆம் நூற்றாண்டில் ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் அச்சேற்றினார். சித்த வைத்தியம் நோய்களை 4448 என்று எண்ணியது. முறிவு நெரிவுக்குப் போனால் பத்துப் போட்டு, ‘நோ எண்ணெய்’ தருவார்கள். அந்தப் போத்தலில் எங்கட ஓரெழுத்துச் சொல் இன்றும் இருக்கிறது. ஊரிலிருந்து ஆரும் வந்தால் நாங்கள் மறக்காமல் சொல்லி விடுகிற சாமானும் அதுதானே!

மேல்நாட்டு வைத்தியமும் எங்களிடம் ஒரு காலம் தமிழிலேயே வந்தது. அமெரிக்காவில் மசச்சூசெட்சில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர் 1847இல் மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையில் இருந்து, 1848இல் மானிப்பாய்க்குப் போய் அங்கே வைத்தியம் பார்த்தார், மாணவருக்கும் படிப்பித்தார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி தொடங்கியது 1870இல். அதற்கு 20 வருடத்துக்கு மேல் முந்தி மானிப்பாயில் படிப்பு நடந்திருக்கிறது. முதலில் இங்கிலீசில்தான் படிப்பித்தார். ஊருக்குப் போய் 1862இல் திரும்பி வந்த பிறகு தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தவன்தான் கிராமத்தில் தங்கி, சனத்தோடு கதைத்து வைத்தியம் செய்வான் என்பது அவருடைய எண்ணம். அவரும் மாணவரும் சேர்ந்து பெரிய பெரிய வைத்தியப் புத்தகங்களைத் தமிழாக்கினார்கள். ‘இரண வைத்தியம்’ 1867, ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872, ‘வைத்தியாகரம்’ 1872. இங்கே வைத்திய மாணவர் இன்றும் பெயர் சொல்லுகிற கிறேயின் உடற்கூற்று நூல்தான் அந்த மனுஷ அங்காதிபாதம். 1873இல் நாடு திரும்பி 1884இல் அவர் இறந்தார். தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்றே தன் கல்லறையில் எழுதச் சொன்னாராம். அவர் பெயரில் மானிப்பாயில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

அவர் மதம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நோயாளியின் பாஷையை வைத்தியர்தான் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே நினைத்தவர். இன்று இங்கே எல்லாம் தலைகீழ். நோயாளிதான் வைத்தியரின் பாஷையைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் நோவோடு கிடக்கிற நேரத்தில்.

மனம் நோகிறது

இனி முதலில் வைத்திருக்கச் சொன்னதற்கு வருகிறேன். எங்கட ஆக்களில் கனபேர் வைத்தியரிடம் போய் “உடம்பெல்லாம் நோகுது டொக்டர்” என்கிறார்கள். இரத்தம் சோதித்து, படம் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. “சும்மா சொல்லுறார்” என்று வீட்டுக்காரரே சொல்லுகிறோம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல வைத்தியம் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்று ஒரு புத்தகம் எழுதினார். எங்கட சனம் மனக் காயத்தை உடம்பு நோவாகச் சொல்லுவது வழக்கம் என்பதை அவர் விளக்கியிருக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் “நெஞ்சு நோகுது” என்றால் அது பொய்யில்லை.

உலக நோ ஆய்வாளர் சங்கம் 1979இல் நோவுக்கு ஒரு வரைவிலக்கணம் கொடுத்தது. 2020இல் அதைத் திருத்தியது. இரண்டிலும், நோ என்பது உடம்பு உணர்ச்சி மட்டுமல்ல, மன உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்று இருக்கிறது. ஒருவர் தனக்கு நோகுது என்றால் அதை மதிக்க வேண்டும் என்றும், வாயால் சொல்ல முடியாதவருக்கும் நோ இருக்கலாம் என்றும் 2020இல் எழுதினார்கள். எங்கட ‘நோ’ குறுந்தொகைக் காலத்திலேயே உடம்பையும் மனதையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது. எங்கட தொழிற்சாலையில் ஒருவருக்கு முதுகுக்குள் செல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. மாசி மாதக் குளிரில் அது நோகும் என்பார். “துண்டு நோகுதோ, அந்த நாள் நோகுதோ தெரியேல்லை” என்று ஒருநாள் சொன்னார். எனக்கு மறுமொழி வரவில்லை.

கடைசியாகச் சில வார்த்தை

எங்கட சங்கத்து ஆக்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் காசு கேட்பதில்லை. ‘இலங்கைத் தமிழ்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். 0 முதல் 10 வரை நோ எவ்வளவு என்று கேட்டால், மரியாதைக்காக 3, 4 என்று குறைத்துச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். வயசானவர்களைத் தனிய விட்டு வரும்போது, ‘நோ’ என்ற எங்கட சொல்லுக்கு என்ன கருத்து என்று ஒரு துண்டில் இங்கிலீசில் எழுதிக் கட்டிலடியில் ஒட்டி விடுங்கள். மாமிக்கு இப்ப எப்ப ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் அதைத்தான் செய்கிறேன்.

பிள்ளைகளுக்கும் இந்தச் சொற்களைக் கொடுங்கள். அம்மம்மாவுக்கு ‘உளையுது’ என்றால் என்னவென்று தெரியாத பேரன், பக்கத்தில் நின்றும் தூரத்தில்தான் நிற்கிறான்.

சித்திரைப் புத்தாண்டு அன்று நாங்கள் மருத்துநீர் வைத்துத் தோய்கிறோம். மஞ்சள், மிளகு, சுக்கு, துளசி, அறுகு, வில்வம் என்று எல்லாம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். வருடத்தின் முதல் வேலையே மருந்தோடு தொடங்குகிற சனம் நாங்கள். அந்த நீரைத் தலையில் வைக்கிறபோது வீட்டில் இருக்கிற பெரியவரிடம் ஒருக்கால் கேளுங்கள்: “எங்கையும் நோகுதோ?” பிறகு அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் இருங்கள்.

எல்லோருக்கும் நோவில்லாத புத்தாண்டாக அமைய என் வாழ்த்துகள்.